பெல்ட் போட்டிருந்தான்: ஒரு ஸ்டோர் கூரை விபத்தின் முழு விவரம்

"பெல்ட் போட்டிருந்தானே, அப்புறம் எப்படி?"

எங்களோடு கூரை வேலை செய்யும் தம்பி ஒருவன் விழுந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய அப்பா என்னிடம் கேட்டது இதைத்தான். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் பொறுப்பாளரான டீ மேக்கரும் கேட்டார், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆட்களும் கேட்டார்கள், வேலையைக் கொந்தரப்புக்கு (ஒப்பந்தத்துக்கு) எடுத்தவர் போனில் இரண்டு தடவை கேட்டார். போட்டிருந்தான், உண்மைதான். காலையில் அந்தப் பாதுகாப்புப் பெல்ட்டை அவன் தோளில் ஏற்றி, தொடைப் பட்டியை இழுத்துப் பூட்டி, முதுகுப் பக்கம் வளையம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டதே நான்தான். அவன் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தபோதும் பெல்ட் உடம்பில்தான் இருந்தது. அதன் கொக்கி எங்கேயும் மாட்டியிருக்கவில்லை. மாட்ட இடமில்லை என்பதால் அவனுடைய தோள் பட்டியிலேயே கொக்கியை மாட்டிக்கொண்டு நடந்தான். அதை நான் கீழே இருந்து பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

நான் கட்டாரில் ஏழு வருஷம் சாரம் கட்டும் வேலை செய்தவன். அங்கே உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி எல்லாம் எடுத்து, கையில் அட்டையும் வாங்கியவன். ஊருக்குத் திரும்பி இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் கூரை, பீலி, தண்ணீர்த் தாங்கி வேலைகளை நாலு பேராகச் சேர்ந்து செய்கிறோம். மழைக்கு முன்னாலும் மழைக்கு நடுவிலும் மலையகத்தில் எத்தனை பேர் கூரைக்கு மேலே நிற்கிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். லயத்துக் கூரையில் கல்லும் டயரும் ஏற்றி வைக்க, கோயில் மண்டபத்துக்குத் தகரம் மாற்ற, பாடசாலைக் கட்டடத்தில் ஒழுக்கு அடைக்க என்று யாராவது ஏறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேராவது இதைப் படிக்க வேண்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இதில் வேண்டாம்.

இடம் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் ஒரு தோட்டத்து ஸ்டோர். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், மூன்று மாடி. மேல் மாடியில்தான் கொழுந்து வாட்டுகிறார்கள், நீளமான தொட்டிகளில் வலைக்கு மேலே கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து ஃபேன் காற்றை விடுவார்கள். அந்த மாடிக்கு மேலே நேராகக் கூரைதான், நடுவில் தட்டு எதுவும் கிடையாது. ஜூன் மாதம் முதல் வாரம் அடித்த காற்றில் தகரங்கள் தூக்கி, ஐந்து இடத்தில் ஒழுகியது. ஒழுகும் தண்ணீர் வாடுகிற கொழுந்தில் விழுந்தால் அந்தத் தொட்டியே கெட்டுப்போகும், அதனால் டீ மேக்கர் அவசரப்படுத்தினார், அவர் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எங்களுக்குச் சொன்ன வேலை மூன்று தகரம் மாற்றுவதும், தளர்ந்த போல்ட்டுகளைத் திருப்பித் தார் பூசுவதும். அரை நாள் வேலை என்று கணக்குப் போட்டோம். அந்த "அரை நாள்" என்ற வார்த்தையை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால் அரை நாள் வேலைக்கு யாரும் சாரம் கட்ட மாட்டார்கள், பலகை சுமந்து வர மாட்டார்கள், இருபது நிமிஷம் நின்று யோசிக்கக்கூட மாட்டார்கள்.

புதன்கிழமை. காலையில் ஏழரைக்கு வந்துவிட்டோம். மழை எட்டே முக்கால் வரை விடவில்லை. விட்ட பிறகும் தகரம் ஈரமாக இருந்ததால் முக்கால் மணி நேரம் பொறுத்திருந்தோம், அது சரியாகச் செய்த விஷயம். இந்தப் பக்கம் தென்மேல் மழைக் காலத்தில் வெயில் என்பது கால் மணி நேரச் சமாச்சாரம், பாசி பிடித்த தகரம் அதற்குள் காயாது. ஒன்பதரைக்குக் கொஞ்சம் உலர்ந்ததும் ஏறினோம். மத்தியானக் கொழுந்து மேலே வருவதற்குள் முதல் தகரத்தையாவது போட்டுவிட வேண்டும் என்று எல்லார் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது.

மேலே போனது மூன்று பேர். இருபது வருஷம் கூரை வேலை பார்த்த அண்ணன் ஒருவர், 24 வயசுத் தம்பி, அவனோடு ஒரே லயத்தில் வளர்ந்த இன்னொரு பையன். நான் கீழே தகரத்தை அளந்து வெட்டிக்கொண்டிருந்தேன். கூரையில் நடப்பதற்கு நாங்கள் எல்லாரும் கற்றுக்கொண்ட ஒரே பாடம் போல்ட் வரிசையில் கால் வைப்பது. போல்ட் இருக்கும் இடத்துக்கு அடியில் குறுக்குச் சட்டம் இருக்கும், அதனால் தகரம் தாங்கும் என்பது கணக்கு. அண்ணன் அப்படித்தான் முன்னால் போனார், தம்பியும் அவர் கால் வைத்த இடத்திலேயே வைத்துப் போனான். பத்தடித் தகரம் ஒன்றை இரண்டு பையன்களும் முன்னும் பின்னுமாகப் பிடித்துக்கொண்டு போகும்போது பள்ளத்திலிருந்து ஒரு காற்று எழும்பியது. பெரிய காற்று என்று சொல்ல முடியாது. ஆனால் பத்தடித் தகரத்தைக் கையில் பிடித்தவனுக்கு அது படகில் பாய் விரித்த மாதிரி. தகரம் திரும்ப, தம்பி சமநிலைக்காக வலது காலைப் பின்னால் வைத்தான். போல்ட் வரிசையிலிருந்து ஒரு சாண் தூரம் இருக்கும்.

சத்தம் எனக்குக் கேட்டது. தகரம் விழுந்த சத்தம் பிறகுதான் வந்தது, முதலில் கேட்டது காய்ந்த ஓலையை மிதித்த மாதிரி ஒரு முறிவு. அவ்வளவுதான்.

கூரைக்கும் மாடித் தரைக்கும் இடையில் அந்த இடத்தில் 15 அடி, அதாவது 4.6 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழ ஒரு செக்கன்கூட ஆகாது, தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். விழுகிறவனுக்கு எதையும் பிடிக்கவோ திரும்பவோ நேரமில்லை. தம்பி தொட்டியின் விளிம்பில் ஒரு பக்கமாகப் பட்டு, பிறகு பலகைத் தரையில் குதிகால் ஊன்ற விழுந்தான். வலது குதிகால் எலும்பு நொறுங்கியது, இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு அமுங்கியது. உயரத்திலிருந்து காலூன்றி விழுகிறவர்களுக்குக் குதிகாலும் முதுகும் சேர்ந்தே போவது வழக்கம் என்று கண்டியில் டாக்டர் சொன்னார். அதனால்தான் கால் வலிக்கிறது என்று சொல்லும் ஆளையும் முதுகு உடைந்தவனாகவே நினைத்துக் கையாள வேண்டும்.

நான் மாடிக்கு ஓடியபோது ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். கொழுந்து பரப்பும் இரண்டு அக்காமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், இன்னும் நாலு பேர் ஒரு படங்கை விரித்துக்கொண்டிருந்தார்கள், அவனைத் தூக்கி அதில் போட்டு லொறியில் ஏற்றத்தான். நம் தோட்டங்களில் அப்படித்தான் எல்லாரையும் தூக்கி வந்திருக்கிறோம், குளவி கொட்டிய ஆளையும் வழுக்கி விழுந்த ஆளையும் அதே படங்கில். ஆனால் முதுகு உடைந்தவனைப் படங்கில் போட்டால் அவன் தொட்டில் மாதிரி வளைவான், அந்த வளைவில் உடைந்த எலும்பு நரம்பை அறுத்துவிட முடியும். "அண்ணே, கால் மரத்துப்போச்சு" என்று அவன் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. யாரும் தொடக்கூடாது என்று கத்தினேன். முழங்காலில் உட்கார்ந்து அவன் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன், கழுத்து அசையாதபடி. 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அடிக்கச் சொன்னேன். ஸ்டோருக்குள்ளே சிக்னல் இல்லை, ஒரு பையன் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் ஓடிப் போய்த்தான் பேசினான். சுவசெரிய அம்புலன்ஸ் வர 40 நிமிஷம் ஆனது. அந்தப் பாதையைத் தெரிந்தவர்கள் அது வேகம்தான் என்பார்கள். அவ்வளவு நேரமும் அவனோடு பேசிக்கொண்டே இருந்தேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அம்புலன்ஸ் வந்த பிறகும் இன்னொரு இருபது நிமிஷம் போனது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கழுத்துக்குப் பட்டை போட்டு, நீளப் பலகையில் கட்டி, மாடியிலிருந்து இறக்க வேண்டும். மரப்படி, நடுவில் ஒரு திருப்பம், பலகை திரும்ப இடமில்லை. ஆறு பேர் சேர்ந்து பலகையைக் கைப்பிடிக்கு மேலே தலை உயரத்துக்குத் தூக்கி, அங்குலம் அங்குலமாகத் திருப்பி இறக்கினோம். ஒருவன் விழுந்தால் எந்த வழியாக இறக்குவது என்று காலையில் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பின்பக்கக் கதவு கண்ணில் பட்டிருக்கும். மேட்டுப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது, மலைச்சரிவில் கட்டின கட்டடம் என்பதால் மேல் மாடி அந்தப் பக்கத்தில் கிட்டத்தட்டத் தரையோடு தரை. பூட்டிக் கிடந்தது, சாவி ஆபீசில் இருந்தது. பிறகுதான் அது எங்களுக்குத் தெரியும்.

கால் உணர்வு அன்று மாலையே திரும்பியது. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிகாலுக்கு ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள், முதுகுக்கு மூன்று மாதம் இடுப்புக் கவசம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாள் கழித்து நானும் அண்ணனும் மறுபடி அங்கே போனோம். ஸ்டோரின் விபத்துப் புத்தகத்தில் அதற்குள் எழுதியாகிவிட்டது, காரணம் என்ற இடத்தில் "வேலையாளின் கவனக்குறைவு". இரண்டே வார்த்தை. எழுதினவர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நினைக்கவில்லை, அந்தக் கட்டத்தில் எல்லாரும் எழுதுவது அதுதான். ஆனால் அப்படி எழுதிய பிறகு யாரும் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, அடுத்தவன் அதே ஓட்டைக்குப் பக்கத்தில் நடக்கலாம். எனக்கு அதை ஏற்க முடியவில்லை. அந்தத் தம்பி கவனமில்லாதவன் கிடையாது. காற்றடிக்கும்போது காலைப் பின்னால் வைக்காமல் இருக்க எந்த மனிதனாலும் முடியாது.

மேல் மாடியில் நின்று ஓட்டையைப் பார்த்தோம். உடைந்த துண்டுகளைத் தரையிலிருந்து பொறுக்கி ஜன்னலோரம் கொண்டு போய்ப் பார்த்தேன். அது தகரமே இல்லை. மேல் பக்கம் பச்சைக் கூரைப் பெயின்ட், அதற்கு அடியில் கருத்த பாசி, அதற்கும் அடியில் மஞ்சள் பூத்த ஃபைபர், முறிந்த விளிம்பில் தேங்காய் நார் மாதிரி இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்காக ஒரு காலத்தில் தகரங்களுக்கு நடுவில் போட்ட கண்ணாடி சீட். தகரத்தின் அதே நெளிவு, அதே அகலம். வெயில் பட்டுப் பட்டு அந்த ஃபைபர் காலப்போக்கில் மொறுமொறுப்பாகிவிடும், கையால் அமுக்கினாலே வெடிக்கும். யாரோ எப்போதோ முழுக் கூரைக்கும் பெயின்ட் அடித்தபோது அதன் மேலேயும் அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மேலிருந்து பார்க்கிற எவனுக்கும் தகரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. போல்ட் வரிசையும் நேராகத்தான் போகிறது. இருபது வருஷ அனுபவம் உள்ள அண்ணனுக்கும் தெரியவில்லை, அவர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். எப்படி நடப்பது என்பதை அனுபவம் சொல்லித் தரும், பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மேலே நிற்கிறவனுக்கு எந்த அனுபவத்தாலும் தெரியாது.

கீழே இருந்து பார்த்தால் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். அந்த நேரம் மாடி விளக்குகளை அணைத்திருந்தார்கள், நான் அண்ணாந்து பார்த்தபோது இருட்டுக் கூரைக்கு நடுவில் அங்கங்கே நீளச் சதுரமாக மங்கலான பழுப்பு வெளிச்சம், தேயிலைச் சாயம் ஊறின துணியை வெயிலில் பிடித்த மாதிரி. பெயின்டையும் மீறிக் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வருகிறது. ஒரு சதுரம், தள்ளி இன்னொன்று, அந்த ஓட்டைக்கு அடுத்து இன்னொன்று. கூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தத் தம்பி விழுந்த எடத்துல முந்தி நல்ல வெளிச்சம் விழும். பெயின்ட் அடிச்ச பொறவுதான் இருட்டாப் போச்சு. நாங்க அந்தத் தொட்டிக்குத்தான் தனியா பல்பு கேட்டோம்."

அந்த அக்கா அங்கே 19 வருஷம் வேலை செய்கிறார். கூரையில் எது கண்ணாடி சீட் என்று அவருக்குத் தெரியும். புதன்கிழமை காலையில் நாங்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனோம், ஒழுகுகிற இடம் எது என்று கூட அவரிடம்தான் கேட்டோம். மேலே மிதிக்கக் கூடாத இடம் எது என்று கேட்கவில்லை.

சரி, பெல்ட் விஷயம். ஏனென்றால் இதைச் சொல்லாமல் விட்டால் "கொக்கியை மாட்டியிருந்தால் தப்பியிருப்பான்" என்று எல்லாரும் நினைப்பார்கள், நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அளவு நாடாவை வைத்துக் கணக்குப் போட்டேன். கொழும்பு புறக்கோட்டையில் வாங்கின அந்தப் பெல்ட்டின் கொக்கிக் கயிறு 2 மீட்டர். அதன் முனையில் மடித்துத் தைத்த ஒரு சின்னப் பொதி இருக்கும், விழும்போது அந்தத் தையல் கிழிந்து நீண்டுதான் உடம்பில் விழும் இழுப்பைக் குறைக்கிறது. அது இல்லாமல் வெறும் கயிற்றில் நின்றால் கயிறே ஆளின் முதுகை முறிக்கும். அந்தப் பொதி முழுக்க நீண்டால் 1.75 மீட்டர் வரை போகலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர். கால் மட்டத்தில், கூரையிலேயே எங்காவது கொக்கியை மாட்டியிருந்தால், எல்லாம் கூட்டினால் 5.25 மீட்டர், அதற்கு மேல் ஒரு மீட்டராவது இடம் விட வேண்டும். ஆக 6 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும், அங்கே இருந்தது 4.6. கொக்கி மாட்டியிருந்தாலும் பெல்ட் அவனைப் பிடித்து முடிப்பதற்குள் கால் தரையில் அடித்திருக்கும். வேகம் குறைந்திருக்கும், காயம் கொஞ்சம் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். அதுவும் எதில் மாட்டுவது? துருப்பிடித்த போல்ட்டிலா, முகட்டுத் தகரத்திலா? விழுகிற ஆளின் இழுப்பைத் தாங்க ஒரு காரைத் தொங்கவிடக்கூடிய பலம் வேண்டும் என்று கட்டாரில் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நூறு வருஷத்துக் கூரைச் சட்டத்தில் அதை யாரும் பார்த்து உறுதி சொல்லாமல் மாட்டக்கூடாது. இடுப்பில் நைலோன் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன், அந்தக் கயிறு பிடித்தாலும் விலா எலும்பையும் வயிற்றையும் நசுக்கித்தான் பிடிக்கும். பெல்ட்டில் தொங்குகிற ஆளையும் நிமிஷக் கணக்கில் இறக்கிவிட வேண்டும், அசையாமல் தொங்கினால் இரத்தம் காலிலேயே தேங்கி மயங்கிவிடுவான், உயிரும் போகலாம். இறக்க வழி இல்லாமல் பெல்ட் போடுவது பாதி வேலைதான்.

கடையில் பெல்ட்டை வாங்கிப் போட்டுவிட்டால் மேலே போக அனுமதி கிடைத்த மாதிரி ஒரு தைரியம் வந்துவிடுகிறது. எங்களுக்கு வந்தது. பெல்ட் இல்லாத காலத்தில் அண்ணன் அந்தக் கூரையில் தகரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பையன்களை நடக்க விட்டிருக்க மாட்டார், அதை அவரே சொன்னார்.

பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? முதல் கேள்வியே மேலே ஏறத்தான் வேண்டுமா என்பது. அந்த மாடியில் கூரை 15 அடிதான். உள்ளே இருந்தே சாரம் கட்டி, பழைய தகரத்தைக் கழற்றி, அந்த ஓட்டையில் மார்பளவுக்கு எழும்பி நின்று, சுற்றியுள்ள போல்ட்டை எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் பூட்டலாம். நான் ஏழு வருஷம் சாரம் கட்டினவன், எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றாமல் இல்லை, தொட்டிகள் குறுக்கே இருக்கின்றன, கொழுந்து கிடக்கும், டீ மேக்கர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டு கேட்காமல் விட்டேன். பிறகு அவரிடம் கேட்டபோது அவர் சொன்னதைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து கிடையாது, சனிக்கிழமைக் கொழுந்து ஞாயிறு காலையோடு கீழே இறங்கிவிடும், ஞாயிறு மத்தியானத்திலிருந்து அடுத்த கொழுந்து வரும் வரைக்கும் மாடி காலி. நாலு நாள் பொறுத்திருந்தால் முழு மாடியும் எங்கள் கையில் இருந்திருக்கும், அது வரைக்கும் ஒழுகும் தொட்டிக்கு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினால் போதும்.

மேலே ஏறியே ஆக வேண்டிய கூரையும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அப்படி ஏறினால் கால் தகரத்திலோ சீட்டிலோ படக்கூடாது, பலகையில் படவேண்டும். இரண்டடி அகலமாவது இருக்கும்படி, குறைந்தது மூன்று குறுக்குச் சட்டத்தின் மேலே கிடக்கும்படி, நழுவாமல் கட்டின பலகை. ஒன்று போதாது, நிற்க ஒன்று, அடுத்து நகர்த்திப் போட இன்னொன்று. கிராண்டிஸ் (ஒரு வகை யூக்கலிப்டஸ்) பலகை இங்கே எங்கும் கிடைக்கும், கணு இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட கூரைக்கும் இதே கதைதான், பழைய அஸ்பெஸ்டஸ் முழுவதையுமே கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள், போல்ட் வரிசை என்ற நம்பிக்கையே அங்கே வேண்டாம். அதை கிரைண்டரால் வெட்டுவதும் வேண்டாம், தூசி நெஞ்சுக்குள்ளே போய்ப் பல வருஷம் கழித்துக் கொல்லும்.

ஏணியையும் அளந்து பார்த்தோம். விபத்துக்கு அது காரணமில்லை, ஆனாலும் பிழை இருந்தது. நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியை வெளியே தள்ளி வைக்க வேண்டும், எங்களுடையது அதை விட நிமிர்ந்து நின்றது. கூரை விளிம்புக்கு மேலே மூன்றடி நீட்டியிருக்க வேண்டும், ஓரடிதான் நீட்டியது. மேலே கட்டவும் இல்லை.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தம்பியின் வீட்டாருக்கு இது தெரியாமல் பட்ட பாடு எனக்குத் தெரியும். இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, தேயிலை ஸ்டோரும் தொழிற்சாலைதான். விபத்தால் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனாலே தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கொந்தரப்பு வேலை, பேர் பதியாத வேலை, கைக்காசு வேலை என்று சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப விடாதீர்கள், தொழில் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். அதற்கு ஆஸ்பத்திரித் துண்டு, விபத்து நடந்த நாளும் இடமும் எழுதின கடிதம், பார்த்த இரண்டு பேரின் சாட்சி, உடைந்த சீட்டின் போட்டோ எல்லாம் முதல் வாரத்திலேயே கையில் இருக்க வேண்டும். நாங்கள் போட்டோ எடுத்து வைத்திருந்தோம், ஃபைபர் துண்டு ஒன்றையும் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். "கவனக்குறைவு" என்ற அந்த வரிக்குக் கீழே, பெயின்ட் அடித்து மறைந்துபோன கண்ணாடி சீட் உடைந்தது என்று டீ மேக்கரே தன் கையால் எழுதினார். மனிதன் நல்லவர், காட்டினதும் புரிந்துகொண்டார்.

மீதி வேலையை இரண்டாவது ஞாயிறு முடித்தோம். ஹட்டனில் சாரச் சட்டங்கள் வாடகைக்கு எடுத்து, லொறிக் கூலியோடு சேர்த்து 38,000 ரூபா ஆனது, பாதியைத் தோட்டம் ஏற்றது. தொட்டிகளுக்குக் குறுக்கே பலகை அடித்து அதன் மேலே சாரத்தை நிறுத்தினோம். மூன்று தகரமும் ஏறிவிட்டன, ஒருவர்கூடக் கூரையில் கால் வைக்கவில்லை. மேட்டுப் பக்கக் கதவின் சாவி அன்று முழுக்க என் பையில் இருந்தது.

வேலையைத் தொடங்கும் முன்னால் ஒரு காரியம் செய்தோம். ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, விளக்குகளை அணைத்து மாடியை இருட்டாக்கினோம். அந்த அக்காவும் இன்னொருவரும் நீள மூங்கிலில் துணி சுற்றிக்கொண்டு தொட்டி வரிசை வரிசையாக நடந்து, பழுப்பு வெளிச்சம் தெரிகிற இடங்களைத் தட்டினார்கள். தகரத்தைத் தட்டினால் கணீர் என்று ஓடுகிறது, ஃபைபர் டொக் என்று அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. சில இடத்தில் வெளிச்சமே தெரியவில்லை, தார் பூசி அடைத்திருக்கிறார்கள், அதையும் சத்தத்தை வைத்து அக்கா பிடித்தார். ஒவ்வொன்றையும் முகட்டிலிருந்து எத்தனையாவது தகரம், எந்தப் போல்ட் வரிசைக்கு நடுவில் என்று நான் ஒரு கொப்பித் தாளில் குறித்தேன். சாரம் எட்டின இடத்தில் எல்லாம் அடிப்பக்கம் சிவப்புப் பெயின்டால் குறுக்குக் கோடு போட்டோம். படத்தைப் பெரிதாக வரைந்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெளியே ஏணி வைக்கும் சுவரில் அடித்தாயிற்று.

வேலை பேசும்போது கூரையில் கண்ணாடி சீட் எத்தனை என்று ஆபீசில் ஒரு கணக்குச் சொன்னார்கள், 6. பெயின்ட் அடிக்காமல் பளிச்சென்று தெரிகிறவை அவை. நாங்கள் எண்ணினது 17.

அன்று இரவு அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பினேன், வீட்டில் படுத்துக்கிடக்கிறவனுக்கு இதை அனுப்பலாமா என்று யோசித்துவிட்டுத்தான் அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் அவனே எடுத்தான்.

"ஏணியில இருந்து விழுந்த எடத்துக்குப் போன வழிய கோடு போட்டுப் பார்த்தேன் அண்ணே" என்றான். "அதுக்கு முன்னாலயே ரெண்ட தாண்டி வந்திருக்கேன்."